பின்னால் போகும் கைகள்

என் தங்கை பியானோ வாசிப்பவள், இசை எழுதுபவள். யாரிடமாவது இதைச் சொல்லும்போது எனக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிரும். அவள் பக்கத்தில் நின்றால் அவளுக்குத் தலை கொஞ்சம் குனியும். "சும்மா இருண்ணே. யாராவது பாடினா கூட வாசிப்பேன், அவ்வளவுதான்" என்பாள். அடக்கமாகப் பேசுகிறாள் என்றுதான் வெகுநாள் நினைத்தேன். அது அடக்கம் இல்லை, கூச்சம். அது எங்கிருந்து வந்தது, எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

எங்கள் அப்பா ஒரு பழைய கட்டடத்துக்குக் காவல்காரர். மாடிப்படிக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறையில் நாங்கள் நாலு பேரும் இருந்தோம். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு நடனப் பள்ளி. நடன டீச்சர் "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று கத்துவது எங்கள் தட்டு வரைக்கும் கேட்கும். அந்தக் கணக்குக்குத்தான் நாங்கள் மென்றோம். "மெதுவாச் சொல்லச் சொல்லுங்கப்பா, விக்கிக்குது" என்று தங்கை சொல்வாள். அப்பா அவளைப் பொடிசு என்று கூப்பிடுவார். கடைசிவரை அந்தப் பெயர்தான்.

அந்தக் கூடத்தைப் பெருக்கித் துடைக்கிற வேலை அம்மாவுக்கு. அம்மா ஈரத்துணியோடு தரையில் போய்க்கொண்டிருக்கும்போது பொடிசு அங்கே இருந்த பியானோ முன் உட்கார்ந்து, பகலெல்லாம் சுவர் வழியாகக் கேட்டதைத் தேடித் தேடிப் பிடிப்பாள். வலது ஓரத்தில் சில கட்டைகள் சத்தமே போடாது. அந்த இடம் வரும்போது வாயால் பாடிக்கொள்வாள். பள்ளியில் வாசிக்க ஒரு ஒல்லி ஆசாமி வருவார். அவருக்கு மாதத்தில் பாதி நாள் பல்வலி. வாயில் வீசும் சாராய நாற்றம் வேறு காரணம் சொல்லும். ஒருநாள் அவர் வரவேயில்லை. பிள்ளைகள் எல்லாம் வரிசையில் நிற்க, பொடிசு பள்ளிச் சீருடையோடு உள்ளே போனாள்.

"நான் வாசிக்கட்டுமா டீச்சர்?"

"உனக்குத் தெரியுமா?"

"சுவத்துக்கு அந்தப் பக்கம் இருந்து கேட்டதெல்லாம் தெரியும். இந்தப் பக்கம் இருந்து இனிமேதான் பாக்கணும்."

டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் வாசிக்க ஆரம்பித்ததும் சிரிப்பெல்லாம் போய்விட்டது. "கட்டையைப் பாக்காதே, காலைப் பாரு! புள்ள இன்னும் தரைக்கே வரல, அதுக்குள்ள நீ வந்து நிக்கிறே. அது விழுந்தா நீ வந்து தூக்குவியா?"

இதுதான் என் தங்கையின் முதல் பயிற்சி. ஒரு பிள்ளை குதிக்கப்போகிறது என்றால் அதற்கு முன்னால் தோள் லேசாக இறங்கும். அந்தத் தோளைப் பார்த்துக் கையைத் தூக்கக் கற்றுக்கொண்டாள். உயரமாகக் குதித்தால் சுரம் காத்திருக்கும். ஒரு பிள்ளை நடுவில் எதையாவது மறந்து அடுத்ததுக்குத் தாவினால் இவளும் தாவுவாள், தாவின இடம் தெரியாதபடி ஒரு சின்னப் பாலம் போட்டு. டீச்சரே ஒருமுறை அலுத்துக்கொண்டார்: "இது வாசிச்சா எவ தப்புப் பண்ணினான்னே கண்டுபிடிக்க முடியலையே. நான் யாரைத் திட்டுறது?"

பிறகு உதவித்தொகை கிடைத்து இசைக் கல்லூரிக்குப் போனாள். நான் அதற்குள் படிப்பை விட்டு லிஃப்ட் கம்பெனியில் சேர்ந்திருந்தேன். கல்லூரியில் ஒரு பேராசிரியர். பருத்த ஆள், அதிகம் பேசமாட்டார். அவள் நடனப் பள்ளியில் வாசித்துப் பழகியவள் என்று அவருக்குத் தெரியும். அவள் தனியாக ஒரு பெரிய உருப்படியை வாசித்துக்கொண்டிருக்கும்போது கையைத் தட்டி நிறுத்தினார்.

"ஏன் அங்க நின்னே?"

"தெரியல சார்."

"யாரும் குதிக்கலியேம்மா."

வகுப்பே சிரித்தது. வீட்டுக்கு வந்து அவள் சொன்னபோது நாங்களும் சிரித்தோம். அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். தனியாக வாசிக்கும்போது எல்லாம், வராத ஒருவருக்காகக் கை காத்திருக்கிறது என்று எனக்குப் பிறகு ஒருநாள் சொன்னாள். "வெக்கமா இருக்குண்ணே. ரோட்டுல தெரியாத ஆளோட நடையைப் பாத்து நடக்கிற மாதிரி."

ஆனால் இசை எழுதுவதில் அவளை யாரும் அடிக்க முடியாது. அணிவகுப்புக்கு வேண்டுமா, தாலாட்டு வேண்டுமா, இருநூறு வருஷத்துக்கு முந்தின மாதிரி வேண்டுமா, நேற்று வந்த மாதிரி வேண்டுமா, உட்கார்ந்த இடத்தில் எழுதித் தருவாள். பேராசிரியர் அவள் தாளைப் பார்த்துவிட்டு, "உனக்கு எல்லார் கையெழுத்தும் வருது" என்றாராம். இதைப் பெரிய பாராட்டு என்று நினைத்து எங்கள் பட்டறை முழுக்கச் சொல்லிவிட்டேன். ஒரு வாரம் கழித்து எங்கள் வெல்டர்தான் கேட்டான்: "அப்போ அவ கையெழுத்து எதுப்பா?" அவனை முறைத்தேன்.

படிப்பு முடிந்ததும் முதல் வேலை ஒரு ஓட்டலில். அங்கே லிஃப்ட் பார்க்கப் போகும்போது முன்கூடத்தில் ஒரு பியானோ சும்மா கிடந்ததைப் பார்த்து நான்தான் மேலாளரிடம் பேச்சுக் கொடுத்தேன். அவர் போட்ட ஒரே விதி: வருகிறவர்கள் யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது. திரும்பிப் பார்த்தால் சத்தம் அதிகம் என்று அர்த்தம். கூடப் படித்தவர்கள் யாராவது கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தால் பொடிசு முகத்தைக் கட்டைக்குள் புதைத்துக்கொள்வாள். ஒருமுறை அந்தப் பேராசிரியரே வந்தார். காபி குடித்தார், எழுந்துபோனார். திரும்பிப் பார்க்கவில்லை. "வேலையைச் சரியாச் செஞ்சிருக்கே" என்று நான் ஆறுதல் சொன்னேன். அவள் அழுதாள்.

அதன்பின் வேலை வந்துகொண்டே இருந்தது. பாட்டுக் குழுக்களின் ஒத்திகைக்கு வாசித்தாள். பொம்மலாட்டத்துக்கு எழுதினாள். பேசாத பழைய படங்களைத் திரையிடும் இடத்தில் படத்தைப் பார்த்துப் பார்த்து வாசித்தாள். சோப்பு விளம்பரத்துக்கு எழுதினாள். "கொஞ்சம் சோகமா இருக்கணும், ஆனா சோப்பு விக்கணும்" என்றாராம் அதன் இயக்குநர். அதையும் செய்தாள், சோப்பும் விற்றது. ஒரு வங்கிக்குப் போன் போட்டால் காத்திருக்கச் சொல்லும்போது ஒரு மெட்டு வரும், அது அவள் எழுதியது. அப்பா பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்வார்: "பேங்குக்குப் போன் பண்ணேன், எம் பொண்ணுதான் எடுத்தா. ஒரு வார்த்தை பேசல. வாசிச்சிக்கிட்டே இருந்தா."

எல்லோரும் சிரிப்பார்கள். பொடிசு சமையலறைக்குள் போய்விடுவாள்.

பாடகர்கள் மத்தியில் அவளுக்கு நல்ல பெயர். மேடையில் வரியை மறந்தால், சுருதி இறங்கினால், ஒரு பத்தியையே விட்டுவிட்டால்கூட அவள் கூடவே போய்விடுவாள். உள்ளே வந்து பாடகர் கையைப் பிசைந்தால், "பரவாயில்லைங்க, யாருக்கும் தெரியல" என்பாள். இதை நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். ஏனென்றால் நான்தான் அவளுக்குப் பக்கம் திருப்புகிறவன். எனக்கு இசைத்தாள் படிக்கத் தெரியாது. அவள் தாடை லேசாக இறங்கும், திருப்புவேன். கிரீஸ் படிந்த நகத்தைப் பழைய பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் மேடை ஏறுவேன். ஒரு தாளில்கூட என் விரல் பட்ட கறை கிடையாது.

இனி அந்தப் பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் கம்பெனியில் ஒரு அவசரத் தொலைபேசி உண்டு. லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் உள்ளே இருக்கும் பொத்தானை அமுக்கினால் எங்களுக்கு மணி அடிக்கும். ஆட்கள் போய்ச் சேரும்வரை போனை வைக்கக் கூடாது, பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது விதி. ஒரு மாலை என் முறை. ஒரு மருத்துவமனை லிஃப்ட், கதவுப் பூட்டில் கோளாறு, உள்ளே ஒரு அம்மா தனியாக. மேல்மாடியில் சேர்த்திருந்த கணவருக்கு மாற்றுத்துணி கொண்டு போய்க்கொண்டிருந்தார். முதலில் கோபப்பட்டார். பிறகு "யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டார். நான் "இருக்கேம்மா" என்றேன். அதன்பின் ஆட்கள் வரும்வரை அவர்தான் பேசினார். பையில் என்னென்ன துணி இருக்கிறது, சட்டையில் ஒரு பட்டன் தொங்குகிறது, அதைத் தைக்காமல் கொண்டுவந்துவிட்டேன், காலையில் தண்ணீரைக் கொட்டினதுக்கு அவரைத் திட்டிவிட்டேன், அவருக்குத் தனியாக இருக்கப் பிடிக்காது, வெளியே சொல்ல மாட்டார் என்றெல்லாம். "நீங்க போயிடாதீங்க. பேச வேணாம், இருந்தா போதும்" என்றார். கதவைத் திறந்து அவர் மேலே போய்ச் சேர்ந்தபோது அவர் கணவர் இறந்துபோயிருந்தார்.

சில மாதம் கழித்து அந்த அம்மா எங்கள் அலுவலகத்தைத் தேடி வந்தார். "நீங்கதானா அந்தக் குரல்?" என்று என்னைப் பார்த்தார். வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை அவருக்கு. உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்.

வீட்டில் நான் இதைச் சொன்னபோது பொடிசு சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். அப்போது அவளுக்கு நாற்பதைத் தாண்டியிருந்தது. யாரும் கேட்காமல், யாருக்காகவும் இல்லாமல் அவள் எழுதிய முதல் உருப்படி அதுதான். ஒரு குரல், ஒரு பியானோ. எழுதத் தொடங்குமுன் என்னைக் கூட்டிக்கொண்டு அந்த அம்மா வீட்டுக்குப் போய் அனுமதி கேட்டாள். அவர் வெகுநேரம் மேசைவிரிப்பை நீவிக்கொண்டே இருந்தார்.

"என் பேரு வேணாம்மா. ஆனா சொன்னது சொன்னபடி இருக்கணும். கூட்டவும் வேணாம், குறைக்கவும் வேணாம்."

"இருக்கும்மா" என்றாள் தங்கை.

பாட்டு மூன்று பகுதி. முதலில் அந்தப் பெண் பையோடு லிஃப்டில் ஏறுகிறாள், லிஃப்ட் நிற்கிறது, எரிச்சலில் பொத்தானை எல்லாம் அமுக்குகிறாள். கேட்க வேடிக்கையாகத்தான் இருக்கும். கடைசியில் "யாராவது இருக்கீங்களா?" என்று கூப்பிடுகிறாள். நடுப்பகுதி நீளம், அதில்தான் அவர் என்னிடம் சொன்னதெல்லாம் இருக்கிறது. பியானோ கிட்டத்தட்ட மூச்சு மட்டும் விடும். அதன் முடிவிலும் அதே "யாராவது இருக்கீங்களா?", அதே மெட்டில். பிறகு கடைசிப் பகுதி: "வந்துட்டீங்களா?" என்கிறாள், கதவு திறக்கிறது, நன்றி சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று நடைவழியில் போகிறாள். அங்கே பாட்டு முடிந்துவிடும். மேலே என்ன பார்த்தாள் என்பது பாட்டில் இல்லை. நடுப்பகுதியைக் கேட்டவர்களுக்கு அந்த விறுவிறு நடை தாங்க முடியாமல் இருக்கும்.

இத்தனை வருஷமாகக் கூட வாசித்த மரியாதைக்கு, ஒரு பெரிய பாடகி இதைத் தன் கச்சேரியில் பாட ஒப்புக்கொண்டார். நல்ல அரங்கம், அடுத்தடுத்து இரண்டு மாலை. முதல் மாலைக்கு அந்த அம்மாவை நானே போய் அழைத்துவந்து முன்வரிசையில் உட்கார வைத்தேன். சலவை செய்த சேலை, மடியில் கைப்பை.

பாடகி எதையும் தாள் பார்த்துப் பாட மாட்டார், அது அவருக்குக் கௌரவம். முதல் பகுதி பிரமாதமாகப் போனது. பொத்தான் அமுக்கும் இடத்தில் சிரிப்பு எழுந்தது, அது எழ வேண்டியதுதான். "யாராவது இருக்கீங்களா?" என்று பாடினார். அங்கே அவர் நிறுத்த வேண்டும். நிறுத்தவில்லை. நேராக "வந்துட்டீங்களா?" என்று போய்விட்டார்.

நான் தங்கையின் தாடையைப் பார்த்தேன். அது இறங்கியது. திருப்பினேன். உடனே மறுபடி இறங்கியது, மறுபடி, மறுபடி. கொத்தாகப் பக்கங்களை உருவிக் கையில் வைத்துக்கொண்டேன். அதற்குள் அவள் கை எழுதப்படாத ஒரு சின்னப் பாலத்தைப் போட்டுவிட்டது, அவ்வளவு அழகாக. பாடகி அதில் ஏறி நடந்துபோனார். லிஃப்டில் ஏறினாள், மாட்டினாள், கூப்பிட்டாள், உடனே கதவு திறந்துவிட்டது! அரங்கமே வெடித்துச் சிரித்தது. அந்த விறுவிறு நடைக்கு இன்னும் சிரித்தார்கள். எழுந்து நின்று கைதட்டினார்கள்.

தங்கை எழுந்து வணங்கினாள். அவள் காதுமடல் சிவந்திருந்ததை நான் பின்னால் இருந்து பார்த்தேன். என் கையில் அந்தப் பாடாத பக்கங்கள் இருந்தன.

உள்ளே வந்ததும் பாடகி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "கண்ணு, நடுவுல விட்டுட்டேன் இல்ல? ரெண்டும் ஒரே மெட்டா இருந்துதா, நாக்கு ஓடிப்போச்சு."

"பரவாயில்லைங்க, யாருக்கும் தெரியல" என்றாள் தங்கை.

சொல்லி முடித்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். பாடகி அதைக் கவனிக்கவில்லை. அரங்க மேலாளர் முகமெல்லாம் பல்லாக வந்தார். "அப்படியே காத்து மாதிரி இருந்துதுங்க! நாளைக்கும் இதே மாதிரி, இதே நீளம். ஒரு இழுவை இல்ல பாருங்க." தங்கை அதற்கும் "சரிங்க" என்றாள்.

அந்த அம்மா கூட்டம் குறையும்வரை காத்திருந்துவிட்டு வந்தார். முகத்தில் கோபம் இல்லை, அதுதான் மோசம். என்னவோ புரியாமல் யோசிக்கிற முகம்.

"நல்லா சிரிச்சாங்க" என்றார். கைப்பையின் கொக்கியைத் திறந்து மூடினார். "நான் அவ்வளவு சிரிப்பாவா பேசினேன் அன்னைக்கு?"

நான்தான் முந்திக்கொண்டு, "இல்லம்மா, அது வந்து, பாடினவங்க..." என்று தொடங்கினேன். பாடகி நாலடி தள்ளி யாருக்கோ கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். தங்கை என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அங்கேயும் பாடகியை விட்டுக்கொடுக்க அவளுக்கு வரவில்லை. அந்த அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஆட்டோ பிடிச்சுக்கிறேன், நீங்க வர வேணாம்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

மறுநாள் காலை செய்தித்தாளில் நாலு வரி வந்திருந்தது. இலேசான, மனதுக்கு இதமான, நகைச்சுவை மிளிரும் சிறு உருப்படி என்று. அவள் பெயர் செய்தித்தாளில் வந்தது அதுவே முதல் தடவை. வேறு நாளாக இருந்தால் அதைக் கத்தரித்துச் சட்டம் போட்டிருப்பேன். அவள் தாளை மடித்து, அதன்மேல் சூடான பாத்திரத்தை இறக்கி வைத்தாள்.

"அண்ணே, அவங்க ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டாங்க எங்கிட்ட. கூட்டவும் வேணாம், குறைக்கவும் வேணாம்னு."

"பாடகி விட்டதுக்கு நீ என்ன பண்ணுவே?"

"நிக்கலாம். நான் நின்னிருந்தா அவங்களும் நின்னிருப்பாங்க. ஒரு நிமிஷம் அசிங்கமாயிருக்கும், அப்புறம் சரியாயிருக்கும். யோசிச்சுப் போயிருந்தாக்கூடப் பரவாயில்ல. யோசிக்கவே இல்லண்ணே. கை தானாப் போச்சு. என்னோடதையே நான் கிழிச்சுப் போட்டுட்டு, கிழிசல் தெரியாமத் தைச்சும் கொடுத்திருக்கேன்."

மத்தியானம் ஒத்திகை அறைக்குப் போனோம். பாடகி தொண்டைக்கு வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தார். முழுசாகப் பாட வேண்டும் என்று தங்கை சொன்னதும் டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஏன்டீ, ஊரே தலையில தூக்கி வச்சிக்கிட்டு ஆடுது. இப்படியே வச்சிக்குவோமே."

"இது அவங்க பேசினதுங்க. அவங்களுக்கு வாக்குக் கொடுத்திருக்கேன்."

பாடகி எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். பிறகு குரலை இறக்கி, "எனக்கு அந்த நடுவாந்திரம் பயமா இருக்குடி. வீட்டுல பாடிப் பாத்தாலே தொண்டை அடைக்குது. நாக்கு ஓடிச்சா, நானா ஓடினேனான்னு எனக்கே தெரியல" என்றார்.

"தாளை வச்சுப் பாடுங்க."

"அந்த வேலையே வேணாம். பாடுறேன், விடு."

தங்கை தயங்கித் தயங்கி, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "நீங்க தாவினா இன்னைக்கு நான் வர மாட்டேங்க."

பாடகி அதை விளையாட்டு என்று எடுத்துக்கொண்டு அவள் கன்னத்தைத் தட்டினார்.

நான் அந்த அம்மாவுக்குப் போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. இரண்டாம் மாலை முன்வரிசையில் அவருக்கு வைத்திருந்த நாற்காலியில் யாரோ ஒருவர் தன் கோட்டைப் போட்டிருந்தார்.

அன்றும் முதல் பகுதி நன்றாகப் போனது. காலைச் செய்தியைப் படித்துவிட்டு வந்தவர்கள் சிரிக்கத் தயாராக இருந்தார்கள். "யாராவது இருக்கீங்களா?" என்றார் பாடகி. "வந்துட்..." என்று அவர் குரல் எழுந்தது.

தங்கை போகவில்லை. நடுப்பகுதியின் முதல் ஒலியை, எழுதியிருந்தபடி, அடியில் இருந்து எடுத்தாள். பாடகியின் குரல் ஒரு பக்கம், பியானோ ஒரு பக்கம். இரண்டும் மோதின இடம் காதுள்ள யாருக்கும் தெரிந்திருக்கும். பாடகி நின்றுவிட்டார். அரங்கில் ஒரு சத்தம் இல்லை. தங்கை அதே ஒலியை மறுபடி அழுத்தினாள். பாடகி திரும்பி அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் மறக்க மாட்டேன். வீட்டுப் பிள்ளை கடைத்தெருவில் வைத்துக் கையை உதறினால் பார்ப்போமே, அப்படி. தங்கையின் முகத்தில் வியர்வை வழிந்து கட்டைமேல் சொட்டியது. துடைக்கக் கை எடுக்கவில்லை. மூன்றாவது தடவை அழுத்தினாள்.

பாடகி பியானோவுக்கு நடந்து வந்தார். எனக்குப் பின்னால் நின்று, என் தோளுக்கு மேலாகத் தாளைப் பார்த்துப் பாடத் தொடங்கினார். அவர் மூச்சு என் பிடரியில் பட்டது. சட்டை, தொங்குகிற பட்டன், கொட்டின தண்ணீர், காலையில் திட்டினது. குரல் நடுங்கியது, ஓரிடத்தில் சுருதியை விட்டே விலகியது. "நீங்க போயிடாதீங்க. பேச வேணாம், இருந்தா போதும்" என்ற இடத்தில் அவர் ஒரு கையை என் தோளில் ஊன்றிக்கொண்டார், தெரியாமல்தான். யாரும் சிரிக்கவில்லை. கதவு திறந்து அந்தப் பெண் நடைவழியில் விறுவிறுவென்று போனபோது இருமல்கூட இல்லை.

கைதட்டல் வந்தது, மரியாதைக்கு வந்த மாதிரி. சிலர் முன்னாலேயே எழுந்து போயிருந்தார்கள். மேலாளர் எங்களைப் பார்க்காமல் கடந்துபோனார்.

பாடகி உள்ளே கண்ணாடி முன் உட்கார்ந்து நகைகளைக் கழற்றிக்கொண்டிருந்தார். "இத்தனை வருஷத்துல என்னை யாரும் மேடையில இப்படி நிக்க வச்சதில்ல" என்றார், கண்ணாடியைப் பார்த்தே.

"மன்னிச்சிக்கோங்க."

"எதுக்கு? நேத்துக்கா, இன்னைக்கா?"

"ரெண்டுக்கும்" என்றாள் தங்கை.

அவர் வளையலைக் கழற்றிப் பெட்டிக்குள் போட்டார். கோபமா, அழுகையா என்று எங்களுக்குத் தெரியவில்லை. அதன்பிறகு அவர் எங்களைக் கூப்பிடவில்லை. மேடையில் பாடகரைக் கைவிட்ட வாசிப்பாளர் என்று பேச்சுப் பரவிவிட்டது. பேசினவர்களைக் குறை சொல்ல முடியாது, அந்தத் தொழிலில் அதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. நடனப் பள்ளிகள் கூப்பிட்டன, பொம்மலாட்டக்காரர்கள் கூப்பிட்டார்கள். பாடுகிறவர்கள் யோசித்தார்கள். வெளியே போனால் தங்கை ஓரமாகவே நடந்தாள். "தப்புப் பண்ணினதுக்கு ஒரு வெக்கம், சரி பண்ணினதுக்கு ஒரு வெக்கம். ரெண்டையும் சேத்துத் தூக்க முடியலண்ணே" என்றாள் ஒருநாள். அவள் செய்தது சரி என்று நான் சொன்னேன். என் சொல் அவளுக்குப் போதவில்லை. அதைச் சொல்ல வேண்டியவர் வேறு ஒருவர்.

அவர் போனை எடுக்கவே இல்லை. வீட்டுக்குப் போனால் பூட்டு. மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார் என்றார்கள். நான் விடாமல் போன் அடித்துக்கொண்டே இருந்தேன். ஒருநாள் காலையில், நான் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில், எடுத்தார். தங்கை வாசற்படியில் என் சாப்பாட்டுப் பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா, நான்தான். லிஃப்ட் கம்பெனி."

"சொல்லுங்க."

"மறுநாள் பாடினாங்கம்மா. நீங்க சொன்னது மொத்தமும். முதல் நாள் நடுவுல விட்டுப்போச்சு, அது எங்க தப்பு."

அந்தப் பக்கம் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. "பட்டன் வந்துதா?"

"வந்துதும்மா."

"திட்டினது?"

"அதுவும்."

"யாரும் சிரிக்கலியே?"

"இல்லம்மா. ஒருத்தர்கூட."

பிறகு "சரி" என்றார். வைத்துவிட்டார்.

தங்கை என் கையைப் பிடித்தாள். "என்ன சொன்னாங்க?"

"சரின்னாங்க."

"எப்படிச் சொன்னாங்க?"

"சரின்னுதான்."

"அப்படிச் சொல்லாதேண்ணே. அவங்க சொன்ன மாதிரியே சொல்லு. மேல போச்சா, கீழ இறங்கிச்சா?"

நான் யோசித்துப் பார்த்துச் சொல்லிக் காட்டினேன். அவள் தலையை ஆட்டினாள், அது என் குரல், அவங்களோடது இல்ல என்று. இன்னொரு தடவை சொன்னேன், கொஞ்சம் இறக்கி, கொஞ்சம் நீட்டி. அவள் சாப்பாட்டுப் பையைத் தரையில் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். வண்டியைக் கிளப்ப மிதித்துக்கொண்டிருந்த எதிர்வீட்டுக்காரர் எங்களைப் பார்த்துக்கொண்டே நின்றார். எனக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. அவள் "இன்னொரு தடவ" என்றாள், நான் மறுபடியும் சொன்னேன்.